சேர்வராயன் மலையில் ஹோம் ஸ்டே: உரிம விதிகளும் உடனுறையும் வீட்டுக்காரரும்

ஆய்வுச் சுருக்கம்

சேலம் மாவட்டம் ஏற்காட்டில் தம் வீட்டின் அறைகளைப் பயணிகளுக்குச் சில நாள்கள் வாடகைக்கு விடுவோர் எந்தெந்த அலுவலகங்களின் அனுமதியைப் பெற வேண்டும், அவ்வனுமதிகள் எவற்றைச் சோதிக்கின்றன, எவற்றைச் சோதிக்காமல் விடுகின்றன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. வீட்டின் உரிமையாளர் அவ்வீட்டிலேயே வாழ வேண்டும் என்னும் நிபந்தனையே ஹோம் ஸ்டேயை விடுதியிலிருந்து பிரிக்கும் அடிப்படை வேறுபாடு. அந்நிபந்தனை சுற்றுலாத் துறையின் வகைப்பாட்டில் மட்டும் இடம்பெற்று, கட்டட அனுமதி, பொதுச் சுகாதாரம், வரி ஆகிய பிற வாயில்களில் இடம்பெறாமல் போவதால், மலையில் வாழும் சிறு குடும்பங்களுக்கு விதிகள் கடினமாகவும், மலையில் வாழாத உரிமையாளர்க்கு எளிதாகவும் அமைந்துவிடுகின்றன என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: ஏற்காடு, சேர்வராயன் மலை, ஹோம் ஸ்டே, உரிமம், ஊராட்சி, மலையாளிப் பழங்குடியினர், உடனுறைதல்

முன்னுரை

சேலத்திலிருந்து அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு வருகிறது. ஏரியும் காடும் சேர்ந்த பெயர் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த டேவிட் காக்பர்ன் இங்குக் காப்பிப் பயிரைக் கொண்டுவந்த பின்னர், காட்டின் ஒரு பகுதி தோட்டமாயிற்று. தோட்டத்தை ஒட்டிப் பங்களாக்களும் பள்ளிகளும் எழுந்தன. உதகையையும் கொடைக்கானலையும்விடச் செலவு குறைவு என்பதால் ‘ஏழைகளின் ஊட்டி’ என்னும் பெயரும் இவ்வூருக்கு நிலைத்துவிட்டது.

இன்று ஏற்காட்டின் சாலையோரப் பலகைகளில் ‘காட்டேஜ்’, ‘வில்லா’, ‘எஸ்டேட் ஸ்டே’ என்பவற்றுடன் ‘ஹோம் ஸ்டே’ என்னும் சொல்லும் மிகுதியாகக் காணப்படுகிறது. அச்சொல்லுக்குத் தமிழில் ஆக்கங்கள் பல முன்வைக்கப்பட்டாலும் மக்கள் வழக்கில் ஊன்றியது இதுவே ஆதலின் இக்கட்டுரையும் இதனையே ஆள்கிறது. ஆனால் ஒரே சொல்லின் பின்னே வெவ்வேறு பொருள்கள் உள்ளன. தோட்டக்காரர் குடும்பம் தான் வாழும் பழைய பங்களாவின் ஒரு பகுதியைப் பயணிகளுக்குத் தருவது ஒன்று. ஊர்க்காரர் ஒருவர் தம் மாடியில் இரண்டு அறைகளைக் கட்டி, தம் அடுப்பில் சமைத்த உணவையே விருந்தினர்க்கும் பரிமாறுவது மற்றொன்று. பெருநகரில் வாழும் ஒருவர் மலையில் மனை வாங்கிக் கட்டிய வீட்டைக் காவலாளியின் பொறுப்பில் விட்டு, முன்பதிவுச் செயலிகளின் வழியாக வார இறுதிகளில் வாடகைக்கு விடுவது மூன்றாவது. மூன்றும் பலகையில் ஒன்றே. சட்டத்தின் கண்ணில் ஒன்றா என்பதே கேள்வி.

விருந்தினரும் வாடகைதாரரும்

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். புதிதாக வந்தவரே விருந்தினர். திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரமாகிய விருந்தோம்பல் இல்லறவியலில் வைக்கப்பட்டது, விருந்தை ஏற்பதற்கு இல்லும் இல்வாழ்வாரும் முதலில் வேண்டும் என்னும் கருத்திலேயாம். சத்திரமும் சாவடியும் இல்லற எல்லைக்கு வெளியே எழுந்த அறநிலைகள். அங்கு வீட்டுக்காரர் இல்லை. சிலப்பதிகாரத்து மாதரி இவ்விரண்டிற்கும் நடுவே நிற்கிறாள். கவுந்தியடிகளின் பொறுப்பில், முன்பின் அறியாத கோவலனையும் கண்ணகியையும் தன் இடத்தில் தங்க வைத்தவள் அவள். அடைக்கலமாக வந்தவரைக் காக்க இயலாது போனபோது தன் உயிரையே விட்டாள். தங்க இடம் தருபவருக்கு உள்ள பொறுப்பின் மிகக் கடுமையான வடிவத்தைத் தமிழ் இலக்கியம் ஓர் ஆயர்குலப் பெண்ணின்மேல் வைத்துக் காட்டியது கருதத்தக்கது.

சட்டம் இத்தகைய உணர்வுகளோடு தொடங்குவதில்லை. தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ள 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் தங்கும் விடுதி என்பதை மிக அகலமாக வரையறுக்கிறது. ஓட்டல், உணவு விடுதி, அரசு நடத்தாத சத்திரம் ஆகியவற்றோடு நில்லாமல், வந்து போவோரிடம் கட்டணம் பெற்றுக்கொண்டு, உணவுடனோ உணவின்றியோ, உறங்க இடம் தரும் எந்த இடமும் அவ்வரையறைக்குள் வந்துவிடுகிறது. செயலிகளும் ‘ஹோம் ஸ்டே’ என்னும் சொல்லும் தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஹோம் ஸ்டே சட்டத்தின் பார்வைக்குள் வந்துவிட்டது. காலரா, பெரியம்மை முதலிய தொற்றுகளின் அச்சம் நிலவிய காலத்தில் எழுந்த சட்டமாதலின், தங்குவோர் எவர் என்பதைவிடத் தங்கும் இடத்தின் தூய்மையே அதற்குப் பெரிது.

மற்றொரு வேறுபாடு சொத்துச் சட்டத்தைச் சார்ந்தது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 105ஆம் பிரிவு குத்தகையை, அசையாச் சொத்தைத் துய்க்கும் உரிமையின் மாற்றம் என்கிறது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட வசதியுரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உரிமை எதனையும் மாற்றாமல் ஒருவரைத் தம் இடத்தில் ஒன்றைச் செய்ய அனுமதிப்பதை ‘உரிமம்’ என்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறிய உச்ச நீதிமன்றம் 1959இல் அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் எதிர் ஆர்.என். கபூர் வழக்கில் வகுத்த நெறி இன்றளவும் மேற்கோளாகிறது. ஆவணத்தின் பெயரைப் பாராமல் தரப்பினரின் நோக்கத்தையும், இடத்தின் தனிப் பிடிமானம் யாரிடம் உள்ளது என்பதையும் பார்க்க வேண்டும் என்பது அந்நெறி. ஓரிரவு தங்கும் பயணி வாடகைதாரர் ஆவதில்லை. அனுமதி பெற்றவர் மட்டுமே. எனவே வீட்டு வாடகைச் சட்டங்கள் ஹோம் ஸ்டேயைத் தொடுவதில்லை. இந்தச் சிறு வேறுபாடு கட்டுரையின் இறுதியில் பழங்குடியினர் நிலம் பற்றிய பகுதியில் மீண்டும் தேவைப்படும்.

நகரம் அல்லாத ஊரில் உரிமம்

குறுங்கால வாடகை பற்றிய உலக விவாதம் பெரும்பாலும் மாநகராட்சிகளின் விவாதமாகவே உள்ளது. ஏற்காட்டைப் பொறுத்தவரை முதல் சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. உதகையும் கொடைக்கானலும் நகராட்சிகள். ஏற்காடோ ஊராட்சி ஒன்றியம்; ஏற்காடு, நாகலூர், மஞ்சகுட்டை, வாழவந்தி, வெள்ளக்கடை, செம்மநத்தம், தலைசோலை, வேலூர், மாரமங்கலம் என ஒன்பது ஊராட்சிகள் அதில் அடங்கும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் விதிகள் இங்குச் செல்லா. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அதன் கீழான விதிகளுமே பொருந்தும். வீட்டு வரி, தொழில் வரி ஆகியவற்றை விதிப்பது ஊராட்சி. குடிநீர் தருவதும், குப்பையை அள்ளுவதும், தெருவிளக்கை எரிப்பதும் ஊராட்சியே. கோடை விழாக் காலத்தில் மலையேறும் கூட்டத்தின் சுமை விழுவதும் அதன் தலையிலேயே.

ஊராட்சிக்கு மேலே மற்றொரு காவலும் உண்டு. மலைப்பகுதிகளில் கட்டடங்களும் மனைப்பிரிவுகளும் கட்டுப்பாடின்றிப் பெருகியதைக் கண்ட தமிழ்நாடு அரசு 1990இல் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தை அமைத்தது. நீலகிரி, கொடைக்கானல் ஆகியவற்றோடு ஏற்காடு வட்டத்தின் கிராமங்களும் அதன் வரம்பில் வருகின்றன. நிலத்தின் சரிவு, மண் அரிப்பு, காட்டின் அண்மை முதலியவற்றைக் கருதி வனத்துறை, புவியியல் மற்றும் சுரங்கத்துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியவற்றின் கருத்துகளைப் பெற்று அனுமதி வழங்குவது இவ்வமைப்பின் முறை. நோக்கம் உயர்ந்தது. மண்ணை வெட்டிச் சரிவைச் செங்குத்தாக்கிக் கட்டப்படும் ஒரு கட்டடம் தன் கீழுள்ள வீடுகளுக்கும் ஆபத்தாகும் என்பதை மழைக்காலங்களில் மலைவாழ்வோர் அறிவர்.

எனினும் இக்காவல் பார்ப்பது கட்டடத்தை. கட்டடத்தின் பயனைப் பார்க்கும் திறன் அதற்குக் குறைவு. குடியிருப்பு என அனுமதி பெற்ற வீடு குடியிருப்பாகவே தோன்றும். அதில் வீட்டுக்காரர் வாழ்கிறாரா, வாரந்தோறும் வெவ்வேறு குழுவினர் வந்து போகின்றனரா என்பதை வரைபடம் காட்டாது. அனுமதி ஒருமுறை வழங்கப்படுவது. பயன்பாடு நாள்தோறும் மாறுவது. ஹோம் ஸ்டே குறித்த பெரும்பாலான தகராறுகள் இவ்விடைவெளியிலேயே முளைக்கின்றன.

ஒரு குடும்பம் நடக்க வேண்டிய வழி

எடுத்துக்காட்டாக, நாகலூரில் காப்பியும் மிளகும் பயிரிடும் ஒரு குடும்பம் தன் வீட்டில் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு ஒதுக்க எண்ணுவதாகக் கொள்ளலாம். அறைகள் புதியவையாயின் ஊராட்சியின் கட்டட அனுமதியும், நிலத்தின் தன்மைக்கேற்ப மலையிடக் குழுமத்தின் இசைவும் வேண்டும். கட்டணத்திற்குத் தங்க வைப்பதால் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் பார்வை அங்கு விழுகிறது. காலையில் இட்லியும் காப்பியும் தந்து விலை பெறுவதால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ச் சிறு உணவு வணிகராகப் பதிய வேண்டும். வெளிநாட்டவர் ஒருவர் தங்கினால் 24 மணி நேரத்திற்குள் குடியேற்ற அலுவலர்க்கு அறிவிக்க வேண்டும். ‘சி படிவம்’ என நெடுங்காலம் அறியப்பட்டு வந்த இவ்வறிக்கைக் கடமை, 1946ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்திலும் தொடர்கிறது. ஐந்து நட்சத்திர விடுதிக்கும் ஈரறை வீட்டிற்கும் இதில் வேறுபாடு இல்லை. அறியாமல் விட்டாலும் குற்றமே.

இவற்றோடு சுற்றுலாத் துறையின் பதிவும் சேர்கிறது. ஒன்றிய அரசின் சுற்றுலா அமைச்சகம் ‘இன்கிரெடிபிள் இந்தியா’ என்னும் பெயரில் நடத்தும் காலை உணவுடன் கூடிய தங்கல், ஹோம் ஸ்டே வகைப்பாட்டுத் திட்டம், தாமே முன்வந்து விண்ணப்பிப்போர்க்கு உரியது. ஓர் அறை முதல் ஆறு அறைகள் வரை, 12 படுக்கைகளுக்கு மிகாமல் வாடகைக்கு விடலாம். வசதிகளை ஆராய்ந்து வெள்ளி, தங்கம் என இரு நிலைகளில் ஒன்று வழங்கப்படும். தமிழ்நாடு சுற்றுலாத் துறையும் இவ்வகை இல்லங்களையும், முகாம், சாகசச் சுற்றுலா நடத்துவோரையும் தன் வழிகாட்டு நெறிமுறைகளின்படி பதிவு செய்து வருகிறது. கோவாவில் 1982 முதலே சுற்றுலாத் தொழில் பதிவுக்கெனத் தனிச் சட்டம் உண்டு. அங்குப் பதிவின்மை தானே குற்றமாகும்.

இவ்வழியில் நாகலூர்க் குடும்பத்தின் கால் இடறும் இடம் எது? அறையின் தூய்மையோ உணவின் தரமோ அன்று, காகிதம். பாட்டனார் பெயரில் நிற்கும் கூட்டுப் பட்டா, வரைபடமின்றிப் படிப்படியாக வளர்ந்த வீடு, தம்பியின் கையெழுத்து வேண்டிய உரிமைச் சான்று ஆகியவையே தடைகள். மாறாக, நகரத்து உரிமையாளரிடம் கிரயப் பத்திரம் உண்டு. தனிப் பட்டா உண்டு. பொறியாளர் வரைந்த வரைபடம் உண்டு. விண்ணப்பங்களை நிரப்ப முகவரும் உண்டு. அவரிடம் இல்லாத ஒன்று அவ்வீட்டில் அவர் வாழ்வது. அதனைக் கேட்கும் சாளரம் மேற்சொன்ன வரிசையில் சுற்றுலாத் துறையுடையது மட்டுமே. அச்சாளரத்திற்குச் செல்லாமலேயே செயலியில் வீட்டை ஏற்றி வாடகைக்கு விட முடியும்.

உடனுறைதல் என்னும் அளவுகோல்

ஒன்றிய அரசின் திட்டத்தில் வீட்டு உரிமையாளரோ அவர் குடும்பமோ அவ்வீட்டிலேயே வாழ வேண்டும் என்பது தலையாய நிபந்தனை. இந்நிபந்தனையின் பின்னணியில் தில்லி உள்ளது. 2010ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்கு வருவோர்க்கு விடுதி அறைகள் போதா எனக் கருதப்பட்டதால், தில்லி சட்டமன்றம் 2007இல் இவ்வகை இல்லங்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டம் இயற்றியது. இந்திய மாநகர் ஒன்றின் குறுங்கால வாடகைக்கென எழுந்த முன்னோடிச் சட்டங்களுள் அது ஒன்று. குடும்பம் வாழும் வீட்டை விருந்தினர்க்குத் திறப்பதே அதன் கருத்து. குடும்பமில்லா வீட்டை விடுதியாக்குவது அன்று.

பிற நாட்டு மாநகரங்கள் வேறு காரணத்தால் அதே அளவுகோலை அடைந்தன. நியூயார்க்கின் 2022ஆம் ஆண்டின் 18ஆம் உள்ளூர்ச் சட்டம் 2023 செப்டம்பர் 5 முதல் கண்டிப்புடன் செயற்படுத்தப்படுகிறது. அதன்படி, 30 நாள்களுக்குக் குறைவாக வாடகைக்கு விடுவோர் மாநகரில் பதிவு செய்ய வேண்டும். விருந்தினர் தங்கும் நாள்களில் வீட்டுக்காரர் உடனிருக்க வேண்டும். விருந்தினர் இருவர்க்கு மேல் கூடாது. பதிவு எண்ணைச் சரிபார்க்காமல் முன்பதிவுத் தளங்கள் பணம் பெறவும் இயலாது. ஜப்பானில் 2018 ஜூன் 15 முதல் நடைமுறையில் உள்ள சட்டம் ஆண்டுக்கு 180 நாள் என வரம்பிடுகிறது. வீட்டுக்காரர் உடனுறையாத இடத்தைப் பதிவு பெற்ற மேலாளர் ஒருவரிடம் ஒப்படைக்கக் கட்டாயப்படுத்துகிறது. இலண்டனில் முழு வீட்டைத் திட்ட அனுமதியின்றி ஆண்டுக்கு 90 இரவுகளுக்கு மேல் விடக் கூடாது. பார்சிலோனாவோ பொறுமையிழந்து, தன் 10,101 சுற்றுலாக் குடியிருப்பு உரிமங்களை 2028 நவம்பருக்குப் பின் புதுப்பிப்பதில்லை என 2024இல் அறிவித்துவிட்டது.

இம்மாநகரங்களின் கவலை குடியிருக்க வீடின்மை. ஏற்காட்டின் கவலை வேறு. கோடையில் தண்ணீர், கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் அது சென்று சேரும் இடம், இரவு நெடுநேரம் ஒலிக்கும் பாட்டு, குறுகிய தோட்டச் சாலையில் எதிரெதிரே நிற்கும் வண்டிகள் ஆகியவை இங்குள்ள தொல்லைகள். எனினும் மருந்து பெரும்பாலும் ஒன்றே. வீட்டில் வாழ்பவர் தம் கிணற்றின் நீர்மட்டத்தை அறிவார். அடுத்த வீட்டாரின் முகத்தில் நாளை விழிக்க வேண்டியவர். இரவு பதினோரு மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை. காவலாளிக்கு அந்த அதிகாரம் இல்லை. விருந்தினர் அவருடைய முதலாளிக்குப் பணம் தந்தவர். கண்டித்தால் செயலியில் வீட்டின் மதிப்பெண் குறையும், அதன் பயன் அவர் வேலைக்கே வந்து சேரும். உடனுறைதல் என்னும் நிபந்தனை ஒரு வகையில் ஆய்வாளர் பலர் செய்ய வேண்டிய வேலையை வீட்டுக்காரரைக் கொண்டு செய்விக்கும் சிக்கன ஏற்பாடு.

உடனுறையாத வீடுகளை முற்றும் தடை செய்ய வேண்டும் என்பது இதனால் பெறப்படாது. வேலை தருவதும் தோட்டத்து விளைச்சல் விலை வீழும் ஆண்டுகளில் ஊரில் பணம் புழங்கச் செய்வதும் அவ்வீடுகளே. அவை விடுதி என்னும் பெயரில், விடுதிக்குரிய தீயணைப்பு, கழிவுநீர், வரி விதிகளுடன் நடக்கலாம். வீடு என்னும் பெயரால் கிடைக்கும் சலுகையும் எளிமையும் வீட்டில் வாழ்பவர்க்கு உரியவை என்பதே வேறுபாட்டின் பயன். ஜப்பானியர் கண்ட வழி இரண்டிற்கும் இடம் தருகிறது. எவர் பொறுப்பாளர் என்பதை மட்டும் மறைக்க விடுவதில்லை.

தளம் அறிவதும் ஊராட்சி அறியாததும்

சிறு வீட்டுக்காரர் எவர் கண்ணிலும் படாதவர் என எண்ணுதல் தவறு. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 9(5)ஆம் பிரிவின் கீழ், மின்வணிகத் தளத்தின் வழியாக வழங்கப்படும் தங்கும் வசதிக்கு, வழங்குபவர் வரிப் பதிவுக்குரிய வரம்பைத் தாண்டாதவராயின், தளமே வரி செலுத்த வேண்டும். சேவைகளுக்கு அவ்வரம்பு ஆண்டுக்கு ₹20 இலட்சம். ஓர் அறை இரவுக்கு ₹2,000 என இரண்டு அறைகளும் ஆண்டில் 100 இரவுகள் நிறைந்தால் வருவாய் ₹4 இலட்சம். வரம்பில் ஐந்தில் ஒரு பங்கு. வீட்டுக்காரர் பதிவு செய்யத் தேவையில்லை. ஆயினும் செயலி வழி வந்த ஒவ்வோர் இரவுக்கும் வரி செல்கிறது. ₹7,500 வரையிலான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அவ்வரி 5 விழுக்காடு.

ஆகவே நாகலூர் வீட்டில் எந்த இரவில் அறை நிறைந்தது என்பது தொலைதூரத்துத் தளத்தின் கணினிக்குத் தெரியும். அவ்வீட்டுக் குப்பையை அள்ளும் ஊராட்சிக்குத் தெரியாது. ஊராட்சியின் வீட்டு வரிப் பதிவேட்டில் அது வெறும் வீடு. கழிவுநீர் வண்டி எத்தனை வேண்டும், கோடையில் எத்தனை பேருக்குக் கூடுதலாகத் தண்ணீர் வேண்டும் எனக் கணக்கிட முயலும் ஊராட்சிச் செயலர் மதிப்பீட்டையே நம்ப வேண்டியவராகிறார். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய 1028ஆம் ஒழுங்குமுறை இக்குறையைத் தீர்க்க முனைந்தது. தளங்கள் பதிவு எண்ணைக் காட்டவும், தங்கல் விவரங்களை மாதந்தோறும் அரசு அமைப்புகளுக்கு அளிக்கவும் அது பணிக்கிறது. 2026 மே 20 அதன் செயற்பாட்டுத் தொடக்கமாகக் குறிக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் கணக்கெடுப்பு வேறு வாயிலில் தொடங்கியது. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ஆணையிட, மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் முதல் உதகைக்கு வார நாள்களில் 6,000, வார இறுதிகளில் 8,000 எனவும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 எனவும் வண்டிகளுக்கு வரம்பும் விதிக்கப்பட்டது. அவ்வாணைகள் அவ்விரு மலைகளைப் பற்றியவை. ஏற்காடு அவற்றில் இல்லை. வண்டிகளை எண்ணுவது எளிது, சோதனைச் சாவடி ஒன்று போதும். ஆனால் வண்டி வரம்பு பகலில் வந்து மாலையில் இறங்குபவரையும் மூன்றிரவு தங்குபவரையும் ஒன்றாகவே எண்ணுகிறது. நீரும் கழிவும் தங்குபவரைப் பொறுத்தவை. ஏற்காட்டில் இப்படிப்பட்ட வரம்பு எழுவதற்கு முன்பே படுக்கைகளை எண்ணிவிட்டால், பின்னர் வண்டிகளைத் தடுக்கும் தேவை குறையக் கூடும். ஊராட்சி தன் வீட்டு வரிப் படிவத்தில் ‘பயணிகளுக்கு விடும் அறைகள் எத்தனை, உரிமையாளர் இவ்வீட்டில் வாழ்கிறாரா’ என இரு கேள்விகளைச் சேர்த்தாலே கணக்கின் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

மலையாளிகளின் நிலமும் இரண்டறைத் திட்டமும்

சேர்வராயன் மலையின் பழங்குடியினர் மலையாளிகள். பெயர் கேரளத்தை நினைவூட்டினாலும் இவர்கள் தமிழ் பேசுவோர். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர் எனத் தம் மரபைக் கூறுவர். சேலம் மாவட்டத்தில் பட்டியல் பழங்குடியினராக ஏற்கப்பட்டவர்கள். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்டது. ஆயினும் தமிழ்நாட்டில் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படாததால், அப்பகுதிகளின் கிராம சபைகளுக்கு 1996ஆம் ஆண்டுச் சட்டம் அளிக்கும் சிறப்பு அதிகாரங்கள் இம்மலைக்குக் கிடைப்பதில்லை. சுற்றுலா வளர வளர நிலத்தின் விலை ஏறும். விலை ஏறுமிடத்தில் முதலில் கைமாறுவது பணமுடை உள்ளவரின் நிலமே.

இச்சூழலில் 2024 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ‘தர்தி ஆபா ஜன்ஜாதிய கிராம் உத்கர்ஷ் அபியான்’ என்னும் ஒன்றிய அரசின் பழங்குடி ஊர் மேம்பாட்டுத் திட்டம் முதன்மை பெறுகிறது. நாடு முழுவதும் பழங்குடியினர் இல்லங்களில் 1,000 ஹோம் ஸ்டேக்களை உருவாக்க அது இலக்கு வைத்துள்ளது. ஒரு குடும்பம் இரண்டு அறைகளைப் புதிதாகக் கட்ட ₹5 இலட்சம் வரையும், உள்ள அறைகளைப் புதுப்பிக்க ₹3 இலட்சம் வரையும், ஊரின் பொதுத் தேவைக்கு ₹5 இலட்சமும் வழங்க அதில் இடமுண்டு. முன்னர்க் கூறிய நாகலூர்க் குடும்பம் மலையாளிக் குடும்பமாயின், பணத்திற்கு இவ்வகைத் திட்டம் ஒரு வழி. ஆனால் பணம் தரும் திட்டம் கூட்டுப் பட்டாவைப் பிரித்துத் தருவதில்லை. மலையிடக் குழுமத்தின் இசைவைப் பெற்றுத் தருவதும் இல்லை. வட்டாட்சியர், ஊராட்சி, சுற்றுலாத் துறை ஆகிய மூவரும் ஒரே நாளில் ஊருக்கு வந்து விண்ணப்பங்களை முடித்துத் தரும் முகாம்கள் நடைபெறாவிடின், தொகை தகுதியுடையோர்க்குப் போய்ச் சேர்வது கடினம்.

மற்றொரு நுட்பமும் இங்குண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் 4(4)ஆம் பிரிவின்படி, அச்சட்டத்தால் ஏற்கப்பட்ட நில உரிமை பரம்பரையாகச் செல்லும். விற்கவோ மாற்றவோ இயலாது. அத்தகைய நிலத்திலுள்ள வீட்டில் குடும்பம் தானே வாழ்ந்து, ஓர் அறையைப் பயணிக்கு இரவுக் கட்டணத்திற்குத் தந்தால், முன்னர்க் கண்ட வேறுபாட்டின்படி அது அனுமதி மட்டுமே. உரிமை மாற்றம் நிகழவில்லை. அதே குடும்பம் அவ்விரண்டு அறைகளையும் ஆண்டுக்கு இவ்வளவு எனப் பேசி வெளியூர் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்து, சாவியையும் கொடுத்துவிட்டால், ஆவணத்தில் எப்பெயர் எழுதப்பட்டிருந்தாலும் தனிப் பிடிமானம் கைமாறுகிறது. அது குத்தகை, குத்தகை உரிமை மாற்றம், சட்டம் தடுப்பதும் அதனையே. இவ்வகை ஒப்பந்தங்கள் ‘நிர்வாக ஒப்பந்தம்’, ‘வருவாய்ப் பகிர்வு’ போன்ற பெயர்களில் எழுதப்படக் கூடியவை. கையெழுத்திடுமுன் குடும்பத்தார் கேட்க வேண்டியவை மூன்று: முன்பதிவு யார் பெயரில் நடக்கிறது, விருந்தினர் தரும் பணம் முதலில் எந்தக் கணக்கில் விழுகிறது, விரும்பாத விருந்தினரை மறுக்கும் உரிமை குடும்பத்திடம் உள்ளதா. மூன்றிற்கும் விடை நிறுவனத்தின் பக்கமாகவே இருந்தால், அங்கு நடப்பது ஹோம் ஸ்டே அன்று. சுற்றுலாத் துறையின் பதிவில் உடனுறைபவராக எழுதப்பட்டவர் தம் வீட்டிலேயே பணியாளராக இருக்கிறார்.